பூட்டிக் கிடக்கும் வீடும் மறைந்துபோகும் வீடும்: ‘ஃபால்அவுட் 76’ குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

‘ஃபால்அவுட் 76’ என்னும் இணையவழி விளையாட்டு 2018 நவம்பர் 14 அன்று வெளிவந்தது. பெயர் பெற்ற ‘ஃபால்அவுட்’ விளையாட்டுத் தொடரின் பெரும் சறுக்கல் என்ற அவப்பெயரை அது முதல் வாரத்திலேயே சம்பாதித்துக்கொண்டது. ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரலில், ஒரே நாளில் பத்து லட்சம் பேர் அதனுள் நுழைந்ததாக அதை உருவாக்கிய பெதெஸ்டா நிறுவனம் அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், பிழைகள் திருத்தப்பட்டன என்பதே பலரும் சொல்லும் விடை. அது தவறான விடை இல்லை. ஆனாலும் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்துகொண்டு நான்கு பேராக அதைப் பல ஆண்டுகள் ஆடிப் பார்த்த அனுபவத்தில், அது பாதி விடைதான் என்று எனக்குப் படுகிறது. பிழை மலிந்த விளையாட்டுகள் எத்தனையோ பொறுத்துக்கொண்டு ஆடியவர்கள் நாங்கள். இந்த விளையாட்டிலிருந்து எங்களை முதலில் விரட்டியது வேறொன்று: நாங்கள் செய்த எதையும் நினைவில் வைத்துக்கொள்ள அந்த உலகத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

நான் காரைக்குடியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். மற்ற மூவரில் ஒருவர் தேவகோட்டையில் மருந்துக்கடை வைத்திருந்தார்; ஒருவர் பள்ளத்தூரிலிருந்து பள்ளிக்கு வந்துபோகும் ஆசிரியர்; இன்னொருவர் அப்போது கல்லூரி இறுதியாண்டு மாணவர். விளையாட்டு வெளிவந்த சில வாரங்களிலேயே விலை பாதியளவுக்கு இறங்கிவிட்டதால் 2018 டிசம்பரில் வாங்கினோம். அவ்வளவு விரைவாக விலை இறங்கியதே ஓர் எச்சரிக்கை என்று மாணவர் சொன்னார். மூத்தவர்கள் மூவரும் கேட்கவில்லை.

களம்

கதைப்படி 2077 அக்டோபர் 23 அன்று அணுகுண்டுப் போர் மூண்டு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைநாட்டில் ‘வால்ட் 76’ என்னும் நிலத்தடிப் புகலிடத்தில் அடைந்திருந்தவர்கள், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து 2102 அக்டோபரில் கதவு திறந்து வெளியே வருகிறார்கள். வெளியேறி வருகிறவர்கள் எல்லோரும் நம்மைப் போல எங்கோ ஒரு திரைக்கு முன்னால் அமர்ந்து ஆடுகிறவர்கள். ஓர் உலகத்தில் 24 பேர் வரை இருக்கலாம். இப்படிப்பட்ட உலகங்கள் ஒரே நேரத்தில் பல சர்வர்களில், அதாவது இணையத்தின் மறுமுனையில் விளையாட்டை நடத்தும் கணினிகளில், தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒருவருடைய வலிமை, குறிபார்க்கும் திறன், பேச்சுத்திறன் முதலியவற்றுக்கு எண்கள் உண்டு. சண்டையிடச் சண்டையிட லெவல் ஏறும். ஏறுந்தோறும் திறன் அட்டைகள் கிடைக்கும். சுடுவது கைவேகத்தைப் பொறுத்தது. சுட்டது எவ்வளவு காயப்படுத்தும் என்பது எண்களைப் பொறுத்தது. இந்த இரண்டையும் ஒட்டவைத்ததுதான் இந்த வகை விளையாட்டின் சுவையும் சிக்கலும்.

அந்த மலைநாட்டின் பல இடங்கள் உண்மையான ஊர்களைப் பார்த்து வரையப்பட்டவை. அவற்றுள் ‘வைட்ஸ்பிரிங்’ என்னும் மாளிகை விடுதியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அதன் மூலம் மேற்கு வர்ஜீனியாவில் இன்றும் இயங்கும் ‘கிரீன்பிரையர்’ விடுதி. பனிப்போர்க் காலத்தில், அணுகுண்டு விழுந்தால் அமெரிக்க நாடாளுமன்றம் கூடுவதற்காக அந்த விடுதிக்கு அடியில் ஒரு புகலிடம் கட்டப்பட்டு, 1992-இல் நாளிதழ் ஒன்று அதை வெளிப்படுத்தும் வரை ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. விளையாட்டில் அந்த விடுதி ஆளற்றுக் கிடக்கிறது. ஆனால் ரோபோக்கள் தரையைத் துடைக்கின்றன, தோட்டத்தைப் பராமரிக்கின்றன, வராத விருந்தாளிகளுக்கு வணக்கம் சொல்கின்றன. எங்கள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் காவல்காரர் காலையில் சாவிக்கொத்துடன் வந்து முகப்பைத் திறந்து, வளவைக் கூட்டி, முற்றத்துத் தூண்களைத் துடைத்துவிட்டு மறுபடி பூட்டிச் செல்வதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த ரோபோக்கள் விந்தையாகத் தோன்றவில்லை.

ஆளில்லாத ஊர்

2018 ஜூனில் விளையாட்டை அறிமுகப்படுத்தியபோது, பெதெஸ்டாவின் டாட் ஹோவர்ட் ஒரு முடிவைப் பெருமையாகச் சொன்னார்: இந்த உலகில் காணும் மனிதர் ஒவ்வொருவரும் உண்மையான ஆட்டக்காரராகவே இருப்பார். முந்தைய ஃபால்அவுட் விளையாட்டுகளில் ஊர் ஊராகப் பேசிப் பழகக் கணினியே இயக்கும் கற்பனை மாந்தர்கள் இருந்தார்கள்; அவர்களுக்கு உதவலாம், துரோகம் செய்யலாம், பேரம் பேசலாம். இதில் அப்படி ஒருவரும் இல்லை. போருக்குப் பிறகு பிழைத்திருந்தவர்கள் ‘ஸ்கார்ச்ட்’ என்னும் கொள்ளைநோயில் செத்துப்போனார்கள் என்பது கதை. நாம் செய்ய வேண்டியதெல்லாம் அவர்கள் விட்டுச்சென்ற ஒலிநாடாக்களைக் கேட்பது, கணினித் திரைகளில் அவர்கள் எழுதி வைத்ததைப் படிப்பது, கடிதங்களைப் பொறுக்குவது ஆகியவைதாம்.

இந்த முடிவைச் சோம்பேறித்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. வீட்டைப் பார்த்து வீட்டாரைப் படிப்பது எங்கள் ஊரில் பழக்கப்பட்ட கலை. முகப்புத் திண்ணை, வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டில், சுவரில் தொங்கும் படங்கள், பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் காலடி பட்டுத் தேய்ந்த தடம் ஆகியவற்றைக் கொண்டே அங்கே யார் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிடலாம். விளையாட்டை எழுதியவர்கள் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள். ஃபிளாட்வுட்ஸ் என்னும் சிற்றூரில் ‘ரெஸ்பாண்டர்ஸ்’ என்ற தொண்டர்கள் நடத்திய முகாமின் எச்சங்களைக் கண்டபோது, எந்தக் கற்பனை மாந்தர் பேசியிருந்தாலும் கிடைத்திராத துயரம் எங்களுக்குக் கிடைத்தது. கட்டிலுக்கு அருகே கிடந்த குறிப்பைப் படித்துவிட்டுப் பள்ளத்தூர் நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

சிக்கல் அதற்கு அடுத்த கணத்தில் தொடங்கியது. படித்தாயிற்று, இனி என்ன செய்வது? அவர்களைக் காப்பாற்ற முடியாது. அவர்கள் செத்துப் பல காலம் ஆயிற்று. அவர்கள் கேட்டதைச் செய்து முடித்தாலும் நன்றி சொல்ல ஆளில்லை, மறுத்தால் கோபிக்கவும் ஆளில்லை. ஒரு நாள் இரவு, தேவகோட்டை நண்பரின் அப்பத்தா பின்னால் நின்று சிறிது நேரம் திரையைப் பார்த்துவிட்டு, “ஏப்பா, ஒரு மனுச மக்களையும் காணோம். ஆளில்லாத ஊருல யாரைத் தேடி இப்படி ராத்திரி பூராச் சுத்துறீக?” என்று கேட்டார். அந்த ஆண்டு வெளிவந்த விமர்சனங்களில் நான் படித்த எதுவும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

சர்வரின் நினைவு

தொழில்நுட்பக் கோளாறுகளைத் தனியாகப் பட்டியலிட்டால் அது வேறு கட்டுரையாகிவிடும். ஆனால் அவற்றுள் சில, நான் மேலே சொன்ன நினைவின்மையோடு நேரடியாகத் தொடர்புடையவை என்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

விளையாட்டு ஓடுவது பெதெஸ்டாவுக்குச் சொந்தமான ‘கிரியேஷன் எஞ்சின்’ என்னும் அடிப்படை மென்பொருளின் மீது. அந்த எஞ்சின் 2011 முதல் அந்நிறுவனத்தின் ஒற்றையாள் விளையாட்டுகளைத் தாங்கி வந்தது. ஒற்றையாள் விளையாட்டில் உலகத்தின் நிலவரம் முழுவதும் ஆடுபவரின் கணினியிலேயே இருக்கும். நான் மேசைமேல் வைத்த தட்டு அடுத்த மாதமும் அதே மேசைமேல் இருக்கும், ஏனெனில் அதை நினைவில் வைத்திருக்க வேண்டியது என் கணினி ஒன்றுதான். பலர் ஆடும் உலகத்தில் அந்தத் தட்டு எங்கே இருக்கிறது என்பதை சர்வர் நினைவில் வைத்து 24 பேருக்கும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். பழைய எஞ்சினை இந்த வேலைக்குப் பழக்கியதில் பல இடங்களில் தையல் பிரிந்தது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காலத்தில், கணினியில் ஆடியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே ஓடினால் வேகம் கூடுவதைக் கண்டுபிடித்தார்கள். திரையில் வரைய வேண்டியது குறையும்போது நொடிக்கு வரையும் படச்சட்டங்களின் எண்ணிக்கை ஏறும். ஓட்டத்தின் வேகம் அந்த எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஒற்றையாள் விளையாட்டில் இது வேடிக்கை. போட்டியிருக்கும் இடத்தில் மோசடிக்கு வழி.

பெட்டகச் சிக்கலும் இதே வேரில் முளைத்ததுதான். அழிந்த உலகின் பொருள்களைப் பொறுக்கி, உடைத்து, திருகாணியும் பசையும் அலுமினியமும் பிரித்தெடுத்துப் புதியது செய்வதே இந்த விளையாட்டின் அன்றாடத் தொழில். (காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஒரு முறை சுற்றி வந்தவருக்கு இந்தத் தொழிலை விளக்க வேண்டியதில்லை, இடித்த வீட்டின் நிலைக்கதவு முதல் எனாமல் தூக்குச்சட்டி வரை அங்கே மறுவாழ்வுக்குக் காத்திருக்கும்.) ஆனால் தொடக்கத்தில் ஒருவர் சேமித்து வைக்கக் கிடைத்த பெட்டகத்தின் கொள்ளளவு 400 பவுண்டு மட்டுமே. எல்லோருடைய பொருள்களையும் கணக்கில் வைத்திருப்பது சர்வரின் நிலைத்தன்மையைக் கெடுக்கும் என்பதே அந்த வரம்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2018 டிசம்பரில் அது 600 ஆயிற்று, பிறகு 800, பின்னர் 1200. இதற்கிடையே 2019 அக்டோபரில், மாதம் 12.99 டாலர் சந்தா கட்டுகிறவர்களுக்கு அளவற்ற மூலப்பொருள் பெட்டி தருவதாக ‘ஃபால்அவுட் ஃபர்ஸ்ட்’ திட்டம் வந்தது. சர்வரால் முடியாது என்று சொல்லப்பட்டது பணம் கட்டினால் எப்படி முடிந்தது என்று கேட்காதவர் எங்கள் நால்வரில் இல்லை. அந்தப் பெட்டியில் போட்ட பொருள்கள் சிலருக்குக் காணாமற்போனதுதான் அந்த வாரத்தின் உச்சம்.

அதே ஆண்டு டிசம்பரில், கணினியில் ஆடியவர்களிடையே, ஒருவர் அருகில் வந்து நின்றே மற்றவர் சுமந்திருக்கும் ஆயுதங்களையும் உடைகளையும் திருடிக்கொள்ளும் ஒரு சூழ்ச்சி பரவியது. பொருள்களை நகலெடுக்கும் தந்திரங்களும் முதல் ஆண்டு முழுவதும் ஒன்றை அடைத்தால் இன்னொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. என் மாணவர்களுக்கு இதை ஒரு பாடமாகவே சொல்வதுண்டு: ஆடுபவரின் கணினி சொல்வதை சர்வர் எந்த அளவுக்கு நம்புகிறது என்னும் கேள்விக்கு விடை வடிவமைப்பின் முதல் நாளிலேயே எழுதப்பட வேண்டும், பின்னால் பேட்ச் என்னும் திருத்தக் கோப்பைப் போட்டு எழுத முடியாது.

விளையாட்டுக்கு வெளியே நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 200 டாலர் சிறப்புப் பதிப்பில் கேன்வாஸ் பை என்று விளம்பரப்படுத்தி நைலான் பை அனுப்பினார்கள். ஈடாக விளையாட்டுக்குள் செல்லும் காசு கொஞ்சம் தர முன்வந்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகுதான் கேன்வாஸ் பை வந்தது. பை கேட்டுப் புகார் எழுதியவர்கள் சிலரின் விவரங்கள் 2018 டிசம்பர் தொடக்கத்தில் மற்ற வாடிக்கையாளர்களின் கண்ணில் பட்ட கூத்தும் நடந்தது. இவை நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தன. விளையாட்டின் உள்நோயை இவை விளக்கவில்லை.

தொலைவு

எங்கள் பக்கத்து நிலவரத்தையும் ஆய்வில் சேர்க்க வேண்டும், ஏனெனில் இதே விளையாட்டு வேறோர் ஊரில் வேறு விளையாட்டு. வெளியான சில நாள்களில் வந்த முதல் பேட்ச் ப்ளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் 47 ஜிபி, கணினியில் 15 ஜிபி என்ற அளவில் இருந்தது. மாணவரிடம் இருந்ததோ நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் கைபேசி இணைப்பு. கணக்குப் போட்டால் கணினிக்குப் பத்து நாள், ப்ளேஸ்டேஷனுக்கு ஒரு மாதத்துக்கு மேல். அவர் தன் கணினியைப் பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இணைப்பு கிடைத்த பிறகும் தாமதம் எங்களோடு இருந்தது. துப்பாக்கியை அழுத்தியதற்கும் அது பட்டதாக சர்வர் ஒப்புக்கொண்டதற்கும் நடுவே கடல் இருந்தது. எதிரிக்கு எஞ்சிய உயிரைக் காட்டும் உயிர்க்கோடு பாதியாகக் குறைந்து, அடுத்த நொடியில் மறுபடி நிறைந்து நிற்பதை முதல் மாதத்தில் எத்தனை முறை பார்த்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. முந்தைய ஃபால்அவுட் விளையாட்டுகளில் ‘வாட்ஸ்’ என்னும் குறிவைக்கும் முறை காலத்தை நிறுத்தியோ மெதுவாக்கியோ உடலுறுப்பைத் தேர்ந்து சுட விடும். பலர் ஆடும் உலகத்தில் ஒருவருக்காகக் காலத்தை நிறுத்த முடியாது. ஆகவே இதில் அது நிகழ்நேரத்திலேயே ஓடுகிறது, படுமா படாதா என்பதை சதவீதம் முடிவு செய்கிறது. கைவேகத்தில் நம்பிக்கை இழந்திருந்த எங்களுக்கு இதுவே கைகொடுத்தது. நால்வரும் திறன் அட்டைகளை மாற்றி வாட்ஸை நம்பிச் சுடுகிறவர்களானோம். சுடும் விளையாட்டாக வாங்கியதை எண்களின் விளையாட்டாக ஆடினோம் என்றால் அது எங்கள் ரசனையால் ஆனதன்று, தொலைவால் ஆனது.

குண்டும் வீடும்

நினைவின்மை முழுமையாகத் தெரிந்தது இரண்டு இடங்களில்.

முதலாவது அணுகுண்டு. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று மூன்று ஏவுகணை நிலையங்கள். அங்கே நுழைந்து ரோபோக்களோடு போராடி, சாவியட்டையைச் செருகி, வாரந்தோறும் மாறும் குறியெண்ணை உள்ளிட்டால், வரைபடத்தில் ஏறத்தாழ எந்த இடத்திலும் குண்டு போடலாம். முதல் மாதத்தில் சில ஆட்டக்காரர்கள் மூன்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஏவ, சர்வரே விழுந்துவிட்டது. நாங்கள் முதல் குண்டைப் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில். மலைமேல் நின்று அந்தச் செந்நிறக் காளானைப் பார்த்தபோது நால்வரும் வாயடைத்துப்போனோம் என்பது உண்மை. ஆனால் சில மணி நேரத்தில் அந்த நிலம் பழையபடி பசுமையாகிவிடும். வேறு சர்வரில் நுழைந்தால் அப்போதே பசுமைதான். குண்டால் அழிந்த உலகத்தைப் பற்றிய ஒரு விளையாட்டில், குண்டு போட்ட இடத்தில் அரிய தாவரங்களும் வலிய எதிரிகளும் சிறிது நேரம் தோன்றுவதைத் தவிர நிலைத்த விளைவு வேறில்லை.

இரண்டாவது வீடு. ‘கேம்ப்’ என்னும் கருவியை ஏறத்தாழ எங்கு வேண்டுமானாலும் ஊன்றி வீடு கட்டலாம். ஆனால் அந்த வீடு நாம் உள்ளே இருக்கும் வரைதான் நிற்கும். வெளியேறிவிட்டால் அது அந்த உலகத்திலிருந்து சுவடின்றி மறைந்துவிடும். மறுபடி வரும்போது வேறோர் உலகில் அதே இடத்தில் எழும். அங்கே ஏற்கெனவே ஒருவர் கட்டியிருந்தால் வீட்டை ஊன்ற முடியவில்லை என்று ஒரு செய்தி வரும். எங்கள் ஊர் வழக்கம் இதற்கு நேர்மாறு. கொண்டுவிற்க, அதாவது வணிகத்துக்கு, போனவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இருந்தபோதும் இங்கே வீடு நின்றது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்து பலருடைய தொழில் அடியோடு போன பிறகும் வீடு நின்றது. இப்போது பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, ஆண்டில் முந்நூறு நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தாலும் முன்னோரை வழிபடும் படைப்புக்கும் திருமணத்துக்கும் அந்தக் கதவு திறக்கிறது. பூட்டிய வீட்டைச் சுட்டி, அது இன்னாருடைய வீடு என்று சொல்லத் தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள். விளையாட்டில் செத்தவர்களின் வீடுகள் நிலையாக நின்றன. உயிரோடிருந்த எங்கள் வீடுகள்தாம் நாங்கள் தூங்கப் போனதும் இல்லாமற்போயின.

ஆட்டக்காரர்கள் செய்தது

2019 முழுவதும் இந்த வெற்றிடத்தைப் பெதெஸ்டா நிரப்பவில்லை, ஆடியவர்கள் நிரப்பினார்கள். ஒருவரை ஒருவர் கொன்று கொள்ளையடிப்பார்கள் என்பதுதான் வெளியீட்டின்போது பலரும் பயந்தது. வடிவமைத்தவர்கள் அதற்கு ஒரு கடிவாளம் போட்டிருந்தார்கள்: எதிராளி திருப்பிச் சுடும் வரை நம் குண்டு அவரை ஏறக்குறைய வருடத்தான் செய்யும், விடாது சுட்டுக் கொன்றுவிட்டால் நம் தலைக்கு விலை வைக்கப்படும், அந்தத் தொகை நம் பையிலிருந்தே போகும். சண்டைக்கு லாபமில்லாது போனதால் மக்கள் வேறு வேலை தேடினார்கள். லெவல் ஏறியவர்கள் வால்ட் வாசலில் காத்திருந்து புதியவர்களுக்கு மருந்தும் தண்ணீரும் கொடுப்பது வழக்கமாயிற்று. எங்களுக்கும் முகமறியாத ஒருவர் ஒரு பை நிறையப் பொருள்களைக் கீழே வைத்து, கையசைத்துவிட்டுப் போனார்.

அந்த ஆண்டில் வந்த விற்பனை இயந்திரம், என் கணிப்பில், முதல் ஈராண்டுகளின் ஆகச் சிறந்த திருத்தம். அதை வீட்டில் வைத்தால் நம் வீடு எல்லோருடைய வரைபடத்திலும் கடையாகத் தெரியும். கடைக்கு வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் நாங்கள் வீட்டை அழகாகக் கட்டினோம். தேவகோட்டை நண்பர் நான்கு புறமும் தாழ்வாரம் ஓட, நடுவில் முற்றம் விட்டு ஒன்று கட்டினார். கூரைத் துண்டுகள் அதற்கு ஒத்துழைக்காததால் மூன்று இரவுகள் போயின. அங்கு வந்த ஓர் அயல்நாட்டவர் முற்றத்தில் நின்று, மழை உள்ளே விழுகிறதே, கூரை போட மறந்துவிட்டீர்களா என்று மைக்கில் கேட்டார். அதற்கு நண்பர் சொன்ன விளக்கம் அரை மணி நேரம் நீண்டது.

மனிதர்கள் வந்தபோது

2020 ஏப்ரல் 14 அன்று ‘வேஸ்ட்லேண்டர்ஸ்’ என்னும் இலவச விரிவாக்கம் வந்தது. கதைக்குள் ஓராண்டு கடந்து, வெளியூர்களிலிருந்து மக்கள் அந்த மலைநாட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். குடியேறியவர்கள் ‘ஃபவுண்டேஷன்’ என்னும் ஊரையும் கொள்ளையர்கள் ‘கிரேட்டர்’ என்னும் முகாமையும் அமைத்திருக்கிறார்கள். இரு தரப்பிடமும் நமக்குத் தனித்தனியாக நற்பெயர்க் கணக்கு உண்டு. ‘வால்ட் 79’-இன் தங்கத்தை எடுக்க யாரோடு சேர்கிறோம் என்பது நம் முடிவு. உரையாடலில் தேர்வுகள் திரும்பின. நம் பேச்சுத்திறன் எண்ணைப் பொறுத்துச் சில வாசகங்கள் திறந்தன. ஊரடங்குக் காலமாகையால் நால்வரும் அவரவர் வீட்டிலேயே இருந்தோம். அந்த ஏப்ரலில் ஆடிய அளவு முன்னும் பின்னும் ஆடியதில்லை.

பிழைகள் அன்றும் இருந்தன. எதிரியின் உயிர்க்கோடு அன்றும் சில நேரம் நிறைந்து நின்றது. ஆயினும் முன்பு செய்த ஒரு வேலையைச் சுட்டிக்காட்டி ஒரு கற்பனை மாந்தர் என்னிடம் பேசியபோது, ஒன்றரை ஆண்டில் முதன்முறையாக அந்த உலகத்தில் நான் இருந்தேன் என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்ததாக உணர்ந்தேன். பிழைத்திருத்தம் மட்டுமே காரணம் என்போரிடம் நான் வைக்கும் சான்று இதுதான்: திரும்பி வந்த நண்பர்கள் எவரும் சர்வர் சீரானதைப் பற்றிப் பேசவில்லை, ஃபவுண்டேஷனில் யார் என்ன சொன்னார் என்றே பேசினார்கள்.

இழப்பும் இல்லாமலில்லை. செத்தவர்களின் குரல்கள் மட்டும் ஒலித்த அந்த முதல் ஆண்டின் அமைதி போய்விட்டது. ஒலிநாடாவைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு வணிகர் பேரம் பேசுகிறார். எனக்கு இன்றும் 2018-இன் ஃபிளாட்வுட்ஸ்தான் பிடித்திருக்கிறது. மாணவர் இதைக் கிழட்டுத்தனம் என்கிறார்.

2024 ஏப்ரலில் இதே உலகை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடர் வந்தபோது கூட்டம் குவிந்ததற்குத் தொடரே காரணம். வந்த புதியவர்கள் தங்கியதற்கு, அவர்கள் நுழைந்த உலகில் பேச ஆள்கள் இருந்தார்கள் என்பதும், வால்ட் வாசலில் பொருள் கொடுக்கும் பழக்கம் அதற்குள் வேர்விட்டிருந்தது என்பதும் காரணங்கள் என்று கருதுகிறேன். அந்த மாதம் நாங்களும் வாசலில் நின்று கொடுத்தோம்.

தேவகோட்டை நண்பர் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். சனிக்கிழமை இரவுகளில் அவர் முதலில் உள்ளே நுழைவார். நாங்கள் மூவரும் அவர் இருக்கும் உலகத்தைத் தேடி இணைவோம். வரைபடத்தின் தெற்கு மூலையில் ஆற்றோரமாக அவர் பெயரோடு வீட்டுக்குறி தெரியும். முற்றத்தில் நான்கு நாற்காலிகள் போட்டிருப்பார். பதினொரு மணிக்கு அவர், “சரிப்பா, நாளைக்கு வேலை இருக்கு” என்பார். அவர் வெளியேறியதும் தூண்கள், தாழ்வாரம், கூரை எல்லாம் மறைய, நாங்கள் மூவரும் வெறும் புல்தரையில் நிற்போம்.